உப்பில் ஒளியும் செலவு

இலையுதிர்காலம் தொடங்கியதுமே ரொறொன்ரோ பெரும்பாகத்துப் பிளாசா உரிமையாளர்களுக்கு ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: பனி அள்ளும் வேலையை முழுப் பருவத்துக்கும் ஒரே தொகைக்குப் பேசி முடித்துவிடுங்கள். எத்தனை முறை பனி கொட்டினாலும் கட்டணம் மாறாது, செலவு கட்டுக்குள் நிற்கும் என்கிறார்கள்.

நன்மை இல்லாமல் இல்லை. ஆண்டுக் கணக்கு பிசகாது. ஸ்காபரோவில் வாடகைக்குக் கடை நடத்துபவரின் பராமரிப்புக் கட்டணமும் பெப்ரவரியில் திடீரென எகிறாது. ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கூலி பேசியவர்கள் கடும்பனி ஆண்டில் திணறுவதும் உண்மை.

ஆனால் இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் இன்னொரு விதியும் இருக்கிறது. யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் பொறுப்பு பனி அள்ளுபவருடையது. என் எதிர்ப்பு முழுவதும் இந்த விதியின் மீதுதான். ஒரு வழக்கு வந்தாலே அவருடைய காப்புறுதிக் கட்டணம் ஏறும், சிறு தொழில் என்றால் படுத்தே போகும். அந்தப் பயத்துக்கு அவர் கண்ட மலிவான மருந்து உப்பு. தேவைக்குக் கொட்டுவதில்லை, வழக்கறிஞரை நினைத்துக் கொட்டுகிறார். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில் சாதாரண உப்பு பனிக்கட்டியை உருக்கவே திணறும். அப்போதும் கொட்டுகிறார். பல ஒப்பந்தங்களில் பனி தள்ளுவதற்கு மட்டுமே ஒரே தொகை, உப்புக்குத் தனிக் கணக்கு. உப்பையும் சேர்த்துப் பேசிய இடங்களில் அடுத்த பருவத்துத் தொகையில் அது ஏறிவிடுகிறது.

இத்தோடு முடியவில்லை. கொங்கிரீட் படிகள் உரிகின்றன, கதவுச் சட்டங்கள் துருப்பிடிக்கின்றன, வாசலோரச் செடிகள் கருகுகின்றன. கோடையில் வரும் அந்தத் திருத்த வேலைகளை யாரும் பனிச் செலவில் எழுதுவதில்லை. மிச்ச உப்பு ஹைலண்ட் ஓடைக்கும் ரூஜ் ஆற்றுக்கும் போகிறது. நன்னீர் உயிர்கள் நெடுங்காலம் தாங்கக்கூடிய குளோரைட்டின் அளவாகக் கனடா வகுத்திருப்பது லீற்றருக்கு 120 மில்லிகிராம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ உப்பு ஏறக்குறைய 5,000 லீற்றர் நீரை எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். வீதி உப்பு சூழலுக்குக் கேடு என்று கனடிய அரசின் மதிப்பீடு 2001இலேயே சொல்லிவிட்டது.

பொறுப்பைக் கைமாற்றிய உரிமையாளருக்கு முழு விடுதலையும் கிடைப்பதில்லை. தகுதியானவரைத் தேர்ந்தாரா, வேலை ஒழுங்காக நடந்ததா என்று நியாயமான அளவுக்குப் பார்த்தாரா என்று ஒன்ராறியோச் சட்டம் அவரையும் கேட்கும். 2021 முதல், தனியார் நிலத்தில் பனியில் விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அது வழக்குகளைச் சற்றே ஒழுங்குபடுத்தியது, பயத்தைத் தீர்க்கவில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் 2013இல் வேறு வழி கண்டது. பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கி, போட்ட உப்பைப் பதிவு செய்பவருக்கு வழக்குகளிலிருந்து ஓரளவு சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஒன்ராறியோவுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். அதுவரை உரிமையாளர்கள் பொறுப்பில் தங்கள் பங்கை ஏற்று, அளந்து போட்ட உப்புக்கும் எழுதிவைத்த பதிவேட்டுக்கும் பணம் கொடுக்கட்டும். பயத்தை இன்னொருவர் தலையில் கட்டும் ஒப்பந்தம் எந்தச் செலவையும் குறைக்காது.