'மறுப்பு' என்று எழுதப்பட்ட கேள்வி
போலியோ ஒழிப்பின் ஆவணங்களை முன்வைத்து

1

உலகப் போலியோ ஒழிப்புத் திட்டம் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஆவணங்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. கவிதையும் நாவலும் மட்டுமே விமர்சனத்துக்குரிய பிரதிகள் என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அரசாங்கப் படிவம், சுற்றறிக்கை, சுகாதாரத் துறையின் பதிவேடு, இவையும் எழுதப்பட்டவைதான். இவற்றுக்கும் கதைசொல்லி உண்டு. பேசுகிற பாத்திரங்கள் உண்டு. பேசவிடப்படாத பாத்திரங்களும் உண்டு. ஒரு நாவலில் யாருடைய குரல் இல்லை என்று கேட்கிற நாம், கோடிக்கணக்கான குழந்தைகளின் வாய்க்குள் போன மருந்தின் கதையில் அதே கேள்வியைக் கேட்காமல் விடுவது சரியில்லை.

1988இல் உலகச் சுகாதாரப் பேரவை இந்தத் திட்டத்தை அறிவித்தபோது 125 நாடுகளுக்கு மேல் போலியோ இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளுக்குக் கைகால் விளங்காமல் போனது. 2000ஆம் ஆண்டுக்குள் நோயை ஒழித்துவிடுவது என்பது தீர்மானம். ஒழியவில்லை. கெடு தள்ளித்தள்ளிப் போனது. 2013 முதல் 2018 வரைக்கான 'இறுதி ஆட்ட'த் திட்டத்தில் நான்கு இலக்குகள் குறிக்கப்பட்டன. திட்டத்தின் வழியாகச் சேர்ந்த அறிவையும் அனுபவத்தையும் தொகுத்து மற்றச் சுகாதாரப் பணிகளுக்குக் கையளிப்பது நான்காவது இலக்கு. 'கற்ற பாடங்கள்' என்று இதற்குப் பெயர். ஊழியர்கள், ஆய்வகங்கள், கண்காணிப்பு வலைப்பின்னல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல இன்னொரு பெயரும் வைத்தார்கள்: 'போலியோ சொத்துகள்.'

'கற்ற பாடங்கள்' என்ற தொடரில் எழுவாய் இல்லை. யார் கற்றது, யாரிடமிருந்து கற்றது? தெருத்தெருவாக நடந்த பெண் 'சொத்து'க் கணக்கில் வந்துவிட்டாள். சொத்து கற்காது, கற்பிக்கவும் செய்யாது. அதை வைத்திருப்பவர்கள்தான் கற்பார்கள். அறிவைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசுகிற ஒரு பிரதி, தன் சொற்களிலேயே அறிவு யாருக்கு உரியது என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது.

2

இந்தத் திட்டத்தில் அறிவு மேலே போகிற வழி மிக நேர்த்தியானது. இதில் கிண்டல் எதுவும் இல்லை. 15 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்குத் திடீரென்று கைகால் தளர்ந்துபோனால் உடனே அது பதிவாக வேண்டும். 14 நாட்களுக்குள் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும். குளிர் குலையாமல் அவை ஆய்வகத்துக்குப் போகும். வைரஸ் இருந்தால் அதன் மரபுவரிசை படிக்கப்படும். இந்த வைரஸ் எந்த வட்டாரத்து வைரசின் வாரிசு, எத்தனை காலமாகக் கண்ணில் படாமல் சுற்றியது என்பதுவரை சொல்லிவிடுவார்கள். மொராதாபாத்தின் ஒரு சந்தில் முடங்கிய குழந்தையின் மலம் சில வாரங்களில் தில்லிக்கும் ஜெனீவாவுக்கும் தகவலாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதே சந்துக்கு ஊழியர் வருகிறார். வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் குறி போடுகிறார். எல்லாக் குழந்தைகளும் சொட்டு மருந்து குடித்துவிட்டால் 'பி'. யாராவது விடுபட்டால் 'எக்ஸ்'. விடுபட்டதற்கான காரணத்தைக் காட்ட எக்ஸ் பக்கத்தில் இன்னொரு எழுத்து. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, ஊரில் இல்லையா என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறிகள். தாயோ தகப்பனோ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் 'எக்ஸ் ஆர்', அதாவது மறுப்பு.

வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தாய் ஏதோ கேட்டிருப்பாள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் திரும்பத்திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு. "இத்தனை தடவை எதுக்குக் குடுக்கிறீங்க?" என்பது ஒன்று. "காய்ச்சல், பேதின்னா எட்டிப்பாக்காத ஆஸ்பத்திரி, இதுக்கு மட்டும் ஏன் வீடு தேடி வருது?" என்பது மற்றது. சுவருக்கு ஏறும்போது இந்தக் கேள்விகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுகின்றன. கேள்வி ஒரு நடத்தையாக மாறுகிறது. நடத்தை என்றால் அதைத் திருத்த வேண்டும். திருத்துவதற்குப் பெயர் 'விழிப்புணர்வு'. குழந்தையின் மலத்துக்கு ஜெனீவாவரை திறந்திருந்த வழி தாயின் கேள்விக்குத் திறக்கவில்லை.

3

"இத்தனை தடவை எதுக்கு?" என்பது அறியாமையிலிருந்து வந்த கேள்வியா? என் கட்டுரையின் மையம் இதுதான்.

1972இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டி. ஜேக்கப் ஜானும் அவருடைய சக ஆய்வாளரும் அமெரிக்க நோய்ப்பரவலியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பணக்காரக் குளிர்நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் எதிர்ப்புசக்தி உண்டாகிவிடுகிறது, நம் ஊர்க் குழந்தைகளிடம் அப்படி உண்டாவதில்லை என்பது அதன் செய்தி. இங்கே கூடுதல் தவணைகள் வேண்டும், ஊசிவழித் தடுப்பு மருந்தையும் யோசிக்க வேண்டும் என்று ஜேக்கப் ஜான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்தியாவின் தடுப்பு மருந்து அட்டவணை மூன்று தவணைக் கணக்கோடுதான் தொடங்கியது. நாடு முழுக்க ஒரே நாளில் கூடுதல் சொட்டு கொடுக்கும் முறை 1995இல்தான் வந்தது. ஊசி மருந்து அரசின் அட்டவணைக்குள் வந்தது 2015 நவம்பரில். 1972லிருந்து 43 ஆண்டுகள்.

2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். 'மக்கள் மறுக்கிறார்கள், குறிப்பாக முஸ்லிம்கள் மறுக்கிறார்கள்' என்பது அப்போது பரவலாகக் கேட்ட விளக்கம். 2006இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதலாம் வகை வைரசுக்கு எதிராக, அன்று புழக்கத்திலிருந்த மும்மை மருந்தின் ஒரு தவணை இந்தியாவின் மற்ற பகுதிகளில் சுமார் 21 சதவீதம் பாதுகாப்புத் தருகிறது, உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 சதவீதம்தான் தருகிறது என்றது அது. நெரிசலும் சாக்கடையும் ஓயாத வயிற்றுப்போக்கும் குழந்தைகளின் குடலில் மருந்தைத் தங்கவிடுவதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணைக்கு 9 சதவீதம் என்றால் மூன்று தவணையில் நான்கில் ஒரு குழந்தைக்குத்தான் பாதுகாப்பு. ஏழு தவணை கொடுத்தாலும் பாதியைத் தாண்டாது. அங்கே ஏழெட்டு முறை சொட்டு குடித்த பிள்ளைகளுக்கும் கால் போனது என்பது ஊரறிந்த விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்த தாய் "இத்தனை தடவை குடுத்தும் ஏன்?" என்று கேட்கிறாள். வேலூரில் எழுந்ததும் சயன்ஸ் இதழில் எழுந்ததும் இதே கேள்விதான். அங்கே அது ஆய்வு. வாசற்படியில் அது மறுப்பு.

அவளுக்கு உண்மையான பதிலைச் சொல்லியிருக்கலாம். "அம்மா, உங்க தெருவுல சாக்கடை இல்ல, தண்ணி சுத்தமில்ல, பிள்ளைங்களுக்கு எப்பவும் வயித்துப்போக்கு. அதனால மருந்து சரியாப் பிடிக்க மாட்டேங்குது. அதான் திரும்பத் திரும்பக் குடுக்கிறோம்." ஏன் சொல்லவில்லை? பெரிய சதி ஒன்றும் இல்லை. இதைச் சொன்ன அடுத்த நிமிஷம் அவள் "அப்ப சாக்கடையைக் கட்டுங்க" என்பாள். அறிவு கீழே இறங்கினால் கோரிக்கையாகத் திரும்பி வரும். வெறும் விழிப்புணர்வு இறங்கினால் சம்மதம் மட்டும் திரும்பி வரும். விழிப்புணர்வையே நிர்வாகம் விரும்புவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

4

அடுத்தது வதந்தி. திட்டத்தின் பிரதியில் வில்லன் பாத்திரம் இதற்குத்தான். சொட்டு மருந்து குடித்தால் மலட்டுத்தனம் வரும் என்ற பேச்சு உத்தரப் பிரதேசத்திலும் பாகிஸ்தானிலும் நைஜீரியாவிலும் இருந்தது. அது பொய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொய் எந்த மண்ணில் முளைத்தது என்று பார்க்க வேண்டாமா?

1975-77 நெருக்கடி நிலையின்போது கட்டாயக் கருத்தடைக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது உத்தரப் பிரதேசத்து மக்களுக்கு நினைவிருக்கிறது. நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் சொட்டு மருந்தை நிறுத்திவைத்தது. அதே கானோவில் 1996இல் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயின் நடுவே ஃபைசர் நிறுவனம் குழந்தைகளிடம் ஒரு மருந்தைச் சோதித்தது. முறையான ஒப்புதல் பெறவில்லை என்று வழக்கு நடந்தது. 2009இல் 7.5 கோடி டாலர் தர அந்த நிறுவனம் மாநில அரசோடு உடன்பாடு செய்துகொண்டது. 2011இல் அமெரிக்காவின் சி.ஐ.ஏ., ஒசாமா பின்லேடன் இருந்த வீட்டை உறுதிப்படுத்த அபோட்டாபாத்தில் ஒரு மருத்துவரை வைத்துப் போலியாக மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் நடத்தியது. தடுப்பூசிக்காரர்கள் வேவு பார்க்க வருகிறார்கள் என்று அதுவரை வதந்தி சொன்னது. இப்போது அது செய்தியாகிவிட்டது. 2012 டிசம்பரிலிருந்து பாகிஸ்தானில் சொட்டு மருந்து ஊழியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் கூலிக்கு நடந்த ஏழைப் பெண்கள். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் சொன்னது. வேவு பார்த்தவர்கள் ஒரு கடிதத்தோடு தப்பித்துக்கொண்டார்கள். செத்தது நடந்தவர்கள்.

ரணஜித் குகா தன் 1983ஆம் ஆண்டு நூலில், விவசாயிகள் எழுச்சிகளில் வதந்தி எப்படி எழுத்தில்லாதவர்களின் செய்தித் தொடர்பாக வேலைசெய்தது என்று காட்டினார். அதிகாரிகளின் குறிப்புகளைத் தலைகீழாகப் படித்துத்தான் அதைக் கண்டெடுத்தார். போலியோ ஆவணங்களையும் அப்படிப் படிக்கலாம். வதந்தியின் உள்ளடக்கம் பொய்யாக இருக்கும்போதே, 'உங்களை நம்ப எங்களுக்கு என்ன காரணம் தந்தீர்கள்?' என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வி பொய்யல்ல.

இன்னொன்றும் உண்டு. சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். மிக அரிதாக அதனாலேயே கால் முடங்கலாம். பல குழந்தைகள் மருந்து பெறாத இடத்தில் அது குழந்தைக்குக் குழந்தை பரவிப் பழைய வலுவைத் திரும்பப் பெறலாம். ஹைதியிலும் டொமினிகன் குடியரசிலும் 2000-2001இல் இப்படி நோய் பரவியது. இரண்டாம் வகை வைரசைச் சொட்டு மருந்திலிருந்து 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க எடுத்ததற்கு முக்கியக் காரணமும் இதுதான். வல்லுநர்கள் கூட்டங்களில் இது வெளிப்படையான பேச்சு. வாசற்படியிலோ 'எந்தப் பயமும் இல்லை' என்ற ஒற்றை வாக்கியம். சின்ன உண்மையை மறைத்த இடத்தில் பெரிய பொய் வந்து உட்கார்ந்துகொண்டது.

5

"அப்ப சொட்டு மருந்தே வேண்டாங்கிறியா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்பது நியாயம். ஏனென்றால் நம் வட்டாரத்திலேயே அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நவீன மருத்துவம் மொத்தமும் அதிகாரத்தின் சொல்லாடல், மக்களிடம் இருப்பதே மெய்யறிவு என்று ஃபூக்கோவைப் பாதி படித்துவிட்டுப் பேசுகிறவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளையின் எதிர்ப்பைக் கொண்டாடுவது எனக்கு ஒப்பாது. தடுப்பு மருந்து வேண்டும். 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட குழந்தைக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரசால் எந்தக் குழந்தைக்கும் கால் போகவில்லை. 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. இது சின்ன காரியமில்லை.

ஆனால் இந்த வெற்றி எப்படி வந்தது? மருந்து மாறியது. குறிப்பிட்ட வகை வைரசைக் குறிவைக்கும் சொட்டு மருந்து 2005இலும் இருவகைகளுக்கானது 2010இலும் வந்தது. கூடவே தெருவுக்குத் தெரு அதே தெருப் பெண்களை அமர்த்தினார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2009இல் உத்தரப் பிரதேசத்தில் 66, பிகாரில் 41 என்று 107 வட்டாரங்களைத் தேர்ந்து, சொட்டு மருந்தோடு கைகழுவுதல், கழிப்பறை, வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரை, தாய்ப்பால் எல்லாவற்றையும் பேசத் தொடங்கினார்கள். 'பேதிக்கு ஏன் வரலை?' என்று வாசற்படியில் கேட்ட கேள்விக்குத் திட்டம் கடைசியில் கொடுத்த அரைப் பதில் இது. அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதாக எந்த 'கற்ற பாட'த்திலும் எழுதவில்லை. 'புதுமையான உத்தி' என்று எழுதிக்கொண்டார்கள்.

அரைப் பதில் என்கிறேன். ஏனென்றால் கைகழுவச் சொல்லிக்கொடுப்பது வேறு, கழுவத் தண்ணீர் கொடுப்பது வேறு. பாகிஸ்தானில் ரோடும் மின்சாரமும் தந்தால்தான் சொட்டு மருந்து என்று ஊர்களே புறக்கணித்த சம்பவங்கள் உண்டு. ஆவணங்கள் இவற்றையும் மறுப்புக் கணக்கில்தான் சேர்க்கின்றன. ஒரு ஏழை ஊரின் கையில் அரசோடு பேரம் பேச இருக்கிற ஒரே பண்டம் தன் பிள்ளையின் வாய் என்றால் அது கொடுமை. பிள்ளையைப் பணயம் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்த நிலைக்கு ஊரைத் தள்ளியவர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் திட்டுவதற்கும் நான் தயாரில்லை.

அடுத்த தடுப்பு மருந்துத் திட்டம் வரும். கோவிட் காலத்தில் வந்ததைப் பார்த்தோம், இன்னும் வரும். செயல்பாட்டாளர்கள் கோர வேண்டியது பெரிய தத்துவம் எதையும் அல்ல. படிவத்தில் 'மறுப்பு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'என்ன கேட்டார்?' என்று ஒரு கட்டம் வேண்டும். கேட்டதை ஊழியர் அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். மாதிரிகள் போகிற அதே வேகத்தில் அந்தத் தாள் மேலே போக வேண்டும். இன்ன தேதியில் இன்னார் பதில் சொன்னார் என்று அதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். மருந்தின் பலனும் அதன் அரிதான ஆபத்தும் எழுதியவருக்கும் கேட்டவருக்கும் ஒரே அளவில் தெரிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை 'கற்ற பாடங்கள்' அச்சிட்டாலும், பாடம் நடத்தியவளின் பெயர் சுவரில் எக்ஸ் ஆர் என்றுதான் இருக்கும்.