நெய்வேலியில் கூட்டாட்சி எதுவரை வருகிறது?

பல மொழி, பல இன நாடுகளில் கூட்டாட்சி ஏன் தடுமாறுகிறது என்று எழுதுகிறவர்கள் மொழியில் ஆரம்பித்து நிதிப் பங்கீட்டில் முடிக்கிறார்கள். டெல்லி, சென்னை என்று இரண்டே பாத்திரங்கள். பண்ருட்டிக்காரனான எனக்கு அது போதவில்லை. பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. அங்கே மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: நிலம் கொடுத்தவர்.

மாநில உரைமைக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் கதையைப் பார்ப்போம். 2013ல் மத்திய அரசிடம் என்.எல்.சி.யின் 93.56% பங்கு இருந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் 10 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய செபி விதி. அதனால் விற்க முடிவு செய்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல்வர் ஜெயலலிதா, தனியாருக்கு வேண்டாம், மாநிலமே வாங்கிக்கொள்ளும் என்றார். டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து மாநில நிறுவனங்கள் சுமார் 360 கோடி ரூபாய் கொடுத்து 3.56% வாங்கின. அதற்கு முன் 2006ல் கருணாநிதி எதிர்த்தபோது விற்பனையே நிறுத்தி வைக்கப்பட்டது.

கெட்டிக்காரத்தனமான தீர்வுதான், மறுக்கவில்லை. ஆனா கணக்கைப் பாருங்க. 3.56 சதவீதத்தை வைத்துக்கொண்டு சுரங்கம் எந்தப் பக்கம் நீளும் என்பதை மாநிலம் தீர்மானிக்க முடியுமா? 2024 மார்ச்சில் மத்திய அரசு இன்னொரு 7% விற்றது, கையில் 72% சொச்சம்தான் மிச்சம். 2013ல் கேட்ட சத்தம் அப்போது கேட்கவில்லை.

2002லும் இதே மாதிரிதான். காவிரித் தண்ணீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக் கூடாது என்று திரையுலகம் பாரதிராஜா தலைமையில் நெய்வேலிக்கே வந்து பேரணி நடத்தியது. நியாயமான கோபம். ஆனால் மத்திய மின் நிலையங்களின் மின்சாரத்தை மாநிலங்களுக்கு ஒதுக்குவது டெல்லி. சென்னை நினைத்தாலும் அணைக்க முடியாத சுவிட்ச் அது.

இந்தக் கதைகளில் டெல்லி பிடுங்குகிறது, மாநிலம் காக்கிறது. நிலம் என்று வரும்போதுதான் இது குழம்புகிறது. என்.எல்.சி. மத்திய நிறுவனம். நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த் துறை.

2013ல் நாடாளுமன்றம் புதிய நிலம் எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தைத் தொடும் முன் சமூகத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும், கிராமத்தைக் கலந்து பேச வேண்டும் என்றது அது. தமிழக அரசு அதில் 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் ஒன்று. இழப்பீடு மட்டும் மத்தியச் சட்டத்தின் அளவுக்கே உண்டு. 2019ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டசபை புதிதாக ஒரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அதாவது டெல்லி கொடுத்த ஒரு உரிமையை, மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி, சென்னை எடுத்துவிட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தடையில்லாமல் கிடைத்தது. ஒன்றிய அரசா மத்திய அரசா என்று நாம் சண்டை போடுகிறோம். இந்த விஷயத்தில் இரண்டு பேரும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட நெற்பயிர் மேலேயே பொக்லைன் இறங்கியது. அந்த நிலம் 2013க்குள் எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். எடுத்தும் பத்து வருஷம் வெட்டாமல் கிடந்ததால் ஜனங்க பயிர் வெச்சாங்க. அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்ற நீதிபதியே கேட்டார். அன்று இயந்திரம் டெல்லியின் நிறுவனத்துடையது, காவலுக்கு நின்ற போலீஸ் மாநிலத்துடையது.

நைஜீரியாவில் எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13% எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு என்று 1999 அரசியல் சாசனமே சொல்கிறது. பணம் மாநிலத் தலைநகர் வரை வந்தது. எண்ணெய் கசிந்த கழிமுக கிராமங்களின் கோபம் தீரவில்லை. ஆயுதக் குழுக்களுக்கு 2009ல் பொதுமன்னிப்பு தர வேண்டி வந்தது.

கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், தமிழகம் கனிம நிலத்துக்கு வரிச் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். 105-ஏ மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நீக்க டெல்லியிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, சென்னையில் கேட்டால் போதும்.