வண்ணச் சால்வையும் வெயில் கணக்கும்

கோடைக்கு எதற்குச் சால்வை என்று கேட்பவர்கள் மே மாதத்தில் ஒருமுறை ஏசி பஸ்ஸில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஊர் பகலெல்லாம் கொதித்திருக்கும். வண்டிக்குள் நள்ளிரவு தாண்டினால் தோள் வெடவெடக்கும். சினிமா தியேட்டரும் ஐடி அலுவலகமும் இதே கதைதான். ஐரோப்பாவில் கோடைச் சால்வை என்பது சாயங்காலத்துக்கானது. வெயில் இறங்கியதும் அங்கே காற்று சில்லிட்டுவிடும். நமக்கு அந்தச் சாயங்காலத்தை இயந்திரம் செய்து தருகிறது. ஆகவே குரோஷா ஊசியில் பல வண்ணங்களில் பின்னிய மேல்சுற்று இங்கேயும் பரவியதில் வியப்பில்லை. அது எப்படிப் பின்னப்படுகிறது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. வெயிலுக்கென்று சொல்லிக்கொண்டு குளிர்நாட்டுப் போர்வையின் முறையில் பின்னுகிறோம். குரோஷாவின் பலம் துளையில் இருக்கிறது. வண்ண மோகம் அந்தத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுகிறது.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். இரட்டை ஊசியில் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் காத்து நிற்கும். ஒன்று நழுவினால் அடிவரிசை வரைக்கும் பிரிந்துகொண்டு போகும். குரோஷாவில் எந்த நேரத்திலும் பிடித்து வைக்க வேண்டியது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியை உருவிவிட்டுக் குக்கர் விசிலைக் கவனிக்கப் போகலாம். திரும்பி வந்தால் அந்தக் கண்ணி அங்கேயே இருக்கும். பிசகினால் இழுத்துப் பிரித்து, அதே நூலில் மறுபடி தொடங்கலாம். ஒரே கண்ணி என்பதால் எந்தத் திசையிலும் போகலாம், அந்தரத்தில் ஐந்தாறு சங்கிலிகளை ஓட்டிச் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் மாட்டலாம். அப்படி மாட்டிய சங்கிலியின் அடியில் பிறப்பதுதான் துளை. துணியை வெட்டாமல், இழையை உருவாமல், துளையையே கட்டுமானமாக வைத்துக்கொண்டு எழும் பின்னல் இது. வெப்பநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்?

அதே ஊசிக்கு இன்னொரு குணமும் உண்டு. குரோஷாவின் ஒவ்வொரு கண்ணியும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கிறது. துளை விடாமல் நெருக்கமாகப் போட்டால் பருத்தி நூலிலும் துணி விறைத்துவிடும். சால்வைக்குப் பதில் கால்மிதி கிடைக்கும். லேபிளில் 3 மி.மீ. ஊசி என்று எழுதியிருக்கும் நூலை 4 அல்லது 4.5 மி.மீ. ஊசியில் போட வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதற்காகத்தான். ஊசி பெரிதானால் கண்ணி தளரும், தளர்ந்தால் துணி தோளில் விழுந்து வழியும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தளர்ச்சி என்றால் பயம். இறுக்கிப் போடுவதுதான் சுத்தமான வேலை என்று நினைப்பார்கள். கூடைக்கும் பொம்மைக்கும் அது சரி.

நூலுக்கு வருவோம். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். மலிவு, எடை குறைவு, கண்ணைப் பறிக்கும் நிறங்கள். வண்ணச் சால்வை பின்ன நினைப்பவர் கை தானாகவே அந்தத் தட்டுக்குப் போய்விடும், ஏனென்றால் பருத்தி நூலில் அத்தனை நிறம் ஒரே கடையில் கிடைப்பது அரிது. ஆனால் சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி இழை ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். அக்ரிலிக்கில் அது 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பிசுபிசுக்கும் கடலோர ஊரில் கழுத்தைச் சுற்றிய அக்ரிலிக் என்ன செய்யும் என்பதை அணிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். சூட்டோடு இஸ்திரி போட்டால் இழை மசிந்து தட்டையாகிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது.

பருத்தியும் குற்றமற்றதல்ல. கனம். நீட்டினால் மீளாது. கொக்கியில் தொங்கவிட்ட பருத்திச் சால்வை தன் எடையாலேயே ஒரு வாரத்தில் விரற்கடை விரற்கடையாக நீளும். மடித்துத்தான் வைக்க வேண்டும். நூலில் நெகிழ்வு இல்லாததால் பின்னுபவரின் மணிக்கட்டுதான் அந்த இழுப்பையெல்லாம் வாங்குகிறது. மூங்கில் நூல் என்று விற்பவை பெரும்பாலும் விஸ்கோஸ் வகை. குளிர்ச்சியாகத் தொய்ந்து விழும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் வலு இழக்கும், பருத்தி நனைந்தால் வலு கூடும். வாரம் ஒருமுறை துவைக்கும் வீட்டில் இந்த ஒரு வித்தியாசமே போதும். என் வாக்கு பருத்திக்குத்தான், மெல்லிய நூலாக இருந்தால்.

இனி வண்ணம். பல நிறச் சால்வை என்றதும் எல்லோர் மனதிலும் வருவது கிரானி ஸ்கொயர். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளர்ந்து, சுற்றுக்கொரு நிறம் மாறும் சிறு சதுரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க இதழ்களில் இதன் செய்முறை அச்சாகிவிட்டது. மிஞ்சிய கம்பளித் துண்டுகளை வீணாக்காமல் போர்வையாக்கும் சிக்கனம் இதில் உண்டு. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கை அளவுச் சதுரம் கைப்பையில் அடங்கும், ரயிலில் பின்னலாம், பத்துப் பேர் தனித்தனியாகப் பின்னி ஒன்று சேர்க்கலாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பலர் தங்கள் வீடுகளில் பின்னியதை ஒன்றாகக் கோக்க முடியும் என்பதால்தான் அப்படி ஒன்று சாத்தியமாயிற்று. வெயில் காலத்தில் பின்னுபவருக்கும் சதுரமே வசதி, வளரும் சால்வை முழுவதையும் மடியில் போட்டுக்கொண்டு வியர்க்க வேண்டியதில்லை.

பின்னுபவரின் கோடைக்கு உகந்தது அணிபவரின் கோடைக்கு ஆகவில்லை என்பதுதான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரங்கள் 75 வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு சுற்று, நான்கு நிறம் என்றால், சுற்றுக்குத் தொடக்கத்தில் ஒரு நுனி, முடிவில் ஒரு நுனி. சதுரத்துக்கு எட்டு, மொத்தம் 600 நுனிகள். ஒவ்வொன்றையும் தையல் ஊசியில் கோத்து உள்ளே செருக வேண்டும், அவசரப்பட்டுச் செருகினால் நாலாவது துவையலில் வெளியே எட்டிப் பார்க்கும். செருகிய இடமெல்லாம் நூல் இரட்டிப்பு. சதுரங்களை இணைக்கும் கோடுகளில் இன்னொரு பருமன். காற்றுக்காக விட்ட துளைகளைச் சுற்றி வரப்பு எழுப்பியாகிவிட்டது. பின்னும்போதே நுனியை மூடிக்கொண்டு போகலாமே என்பார்கள். போகலாம், செருகும் வேலை குறையும், பருமன் அப்படியே இருக்கும்.

உருவங்கள் வரைவதுபோல் இரண்டு மூன்று நிறங்களை ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் போடுவது இதைவிட மோசம். அப்போதைக்குத் தேவைப்படாத நிறத்தைக் கண்ணிக்குள்ளேயே ஒளித்து இழுத்துச் செல்ல வேண்டும். ஒளிப்பதற்குக் கண்ணி நெருக்கமாக இருந்தாக வேண்டும். பைக்கு மிக நல்ல வேலை. கோடைச் சால்வைக்கு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடலாம்.

தானாகவே நிறம் மாறும் நூல்கண்டு இதற்கு விடையாக வந்தது. ஒரே கண்டில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று நிறங்கள் அடுத்தடுத்து இருக்கும். வெட்டு இல்லை, நுனி இல்லை. கண்ணி போட்டுக்கொண்டே போனால் நிறம் தானாக நகரும். நான் கண்டவரையில் கோடைச் சால்வைக்கு வண்ணம் கொண்டுவரும் வழிகளில் காற்றை மதிப்பது இதுதான். ஆனால் முக்கோணச் சால்வையில் இது ஒரு விளையாட்டு காட்டும். கீழ்முனையிலிருந்து தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே போகும் முக்கோணத்தில் வரிசைகள் நீள நீள ஒவ்வொரு வரிசையும் அதிக நூல் கேட்கும். நான்கு நிறமும் சம எடையில் இருந்தால், முதல் நிறம் மட்டுமே சால்வையின் பாதி ஆழத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது 71 சதவீதம் வரை வரும், மூன்றாவது 87 வரை. கடைசி நிறத்துக்கு மிஞ்சுவது மேலே ஒரு கீற்று. பட்டைகள் ஒரே அகலத்தில் வேண்டுமென்றால் நூல் 1:3:5:7 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 200 கிராம் சால்வையில் அது 12.5, 37.5, 62.5, 87.5 கிராம். அதற்கு நிறங்களைத் தனித்தனியாக வாங்க வேண்டும், கடையில் விற்பதோ 50 கிராம் கண்டுகள். ஆறு வாங்கி 300 கிராமுக்குக் காசு கொடுத்து, 100 கிராமை மிச்சம் வைக்கிறோம். அந்த மிச்சம்தான் பிறகு கிரானி ஸ்கொயராகத் திரும்பி வருகிறது! நீள்சதுரச் சால்வைக்கு இந்தத் தொல்லை இல்லை. வரிசை எல்லாம் ஒரே நீளம், பட்டையும் ஒரே அகலம். இரண்டு வரிசைக்கொரு நிறம் என்று வைத்துக்கொண்டு, நூல்களை ஓரத்திலேயே மேலேற்றிக்கொண்டு போனால் வெட்டவும் வேண்டாம். ஓரத்தைக் கடைசியில் ஒரு கரையால் மூடிவிடலாம்.

அணிவதில் உள்ள குறைகளை யாரும் எழுதுவதில்லை. ஜிமிக்கி மாட்டும், வளையல் மாட்டும், தாலிச் சரட்டின் குண்டு மாட்டும், தலையில் கிளிப் மாட்டும். ஸ்கூட்டரில் முகத்தைச் சுற்றிக்கொள்ளும் துப்பட்டாவின் வேலையை இது செய்யாது. காற்று நுழையும் துளையில் வெயிலும் நுழையும், வெயில் மறைப்பாகக் குரோஷா தோற்றுப்போன சரக்கு. சிவப்பும் கருநீலமும் வெள்ளையோடு சேர்ந்த பருத்திச் சால்வையை முதல் துவையலில் நம்பக் கூடாது. நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். மெல்லிய மல் துப்பட்டா ஒன்று இதில் பாதி எடைகூட இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெய்த துணியோடு எடையில் போட்டியிட்டால் குரோஷா ஜெயிக்கவே முடியாது. அதன் இடம் ஏசி அறையில் தோள்மேல் ஒரு மெல்லிய தடுப்பாக இருப்பது. அந்த வேலைக்குத் துளை நிறைந்த, 200 கிராமுக்குள் அடங்கும், இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் போகாத சால்வை போதும்.

வெப்பநாட்டுக்கான குரோஷா எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபூர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக அங்கே வந்த குரோஷே லேஸ் தலைமுறைகளாகப் பெண்கள் கையில் இருக்கிறது. வெள்ளையும் சந்தன நிறமும்தான் அதன் மரபு. மெல்லிய பருத்தி நூல், சின்ன ஊசி, நூலைவிடத் துளை அதிகம். (நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் வேறு, அது தலையணைமேல் ஊசி குத்தி மரக்கட்டைகளால் பின்னுவது.) நிறமே இல்லாமல் இத்தனை வடிவம் காட்ட முடியுமா என்று நரசாபூர் மேசைவிரிப்பைப் பார்த்தால் தோன்றும். வண்ணத்தை நம்பியிருக்கும் சால்வைகளில் வடிவம் ஏன் இளைத்துப்போகிறது என்பதற்கும் அங்கே பதில் கிடைக்கும்.

இந்தக் கைவேலைக்கு என்ன கூலி என்ற கேள்விக்கும் நரசாபூர்தான் முதல் சாட்சி. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பூவைப் பின்னுபவர் ஒருவர், இணைப்பவர் இன்னொருவர், சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புபவர் வேறொருவர். பின்னும் பெண்களை உழைப்பாளிகள் என்று யாரும் கணக்கில் கொள்வதில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைப்பது எளிது. மீஸ் எடுத்துக்காட்டியது இதைத்தான். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் குரோஷே பின்னிக் குடும்பத்தைக் காத்தார்கள் என்று பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைதான். ஆனால் பசியில் இருப்பவரிடம்தான் இந்த வேலை மலிவாகக் கிடைத்தது என்பதும் அதே வரலாறு. 2024இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். கூலியை நிர்ணயிப்பது அதன் வேலையல்ல.

இன்று வீட்டிலிருந்தபடி சால்வை பின்னி விற்பவர்களுக்கும் இதே கணக்குதான். பழகிய கை ஒரு சால்வைக்கு 40 மணி நேரம் எடுக்கிறது என்று வையுங்கள், ஐந்து வேலை நாள். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கிலேயே பின்னிய கூலி 1,595 ரூபாய். நூல் விலை தனி. ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்னால் வாங்க வருபவர் முகம் சுளிக்கிறார், "நூல் எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று கேட்கிறார். பின்னியவரும் சிரித்து மழுப்பி, பொழுதுபோக்குக்குத்தானே செய்தேன் என்று இருநூறு குறைக்கிறார். மீஸ் சொன்னதைப் பின்னுபவரே தன் வாயால் சொல்லிவிடுகிறார்.

குரோஷாவை வணிக அளவில் அச்சு அசலாகப் பின்னும் இயந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஆகவே துணிக்கடையில் நானூறு ஐந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் வண்ண 'குரோஷே' மேல்சுற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். நீளவாக்கில் மேலிருந்து கீழ்வரை சங்கிலிகள் அறாமல் இணையாக ஓடி, அவற்றின் குறுக்கே நூல் அங்குமிங்கும் தாவியிருந்தால் அது இயந்திரத்தில் பின்னிய வேறு வகைத் துணி, குரோஷாவின் சாயல் மட்டும் கொண்டது. அப்படி ஓடாமல், ஒவ்வொரு கண்ணியும் தன்னைச் சுற்றிக்கொண்டு நின்றால் அது கைவேலை. அப்போது விலைச்சீட்டை இன்னொருமுறை பார்க்க வேண்டும்.