புள்ளியைத் தொடாத கோடு

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். நான்கு வயதிலிருந்து ஆறு வயது வரை. பென்சில் கிடையாது. ஆளுக்கொரு கிண்ணம் அரிசி மாவு, ஒரு கறுப்பு அட்டை, அவ்வளவுதான். கோடு, வடிவம், நிறம், வெளி என்று ஓவியப் பாடம் வரிசையாகச் சொல்லும் பெயர்கள் எதையும் நான் முதலில் எடுப்பதில்லை. மாவைக் கிள்ளி இழுக்கச் சொல்வேன்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு இறங்குவதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். கை ஓடினால் கோடு மெலிகிறது. தயங்கினால் தடிக்கிறது. நின்றுவிட்டால் அதே இடத்தில் குவிந்து புள்ளியாகிறது. “ஆண்டி, என் கோடு குண்டாயிடுச்சு,” என்றாள் ஒருத்தி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “மெதுவா போனேன், அதான்,” என்று அவளே சொன்னாள். கோடு என்பது கை நடந்த தடம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அச்சடித்த உருவத்துக்குள் வண்ணம் நிரப்பும் தாள்களை நான் கொடுப்பதில்லை. எங்கே திரும்புவது என்பதுதான் கோட்டில் ருசியான இடம். அந்தத் தாளில் அதை வேறொருவர் முன்பே தின்று முடித்திருப்பார். எங்கள் தாழ்வாரத்தில் பல வாசல்களில் தேக்கா கடைகளில் வாங்கிய ஒட்டுக்கோலம் இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளையின் விரலுக்கு அதில் வேலையில்லை.

பிறகு சிக்குக்கோலம். 1, 3, 1 என்று ஐந்து புள்ளி. ஒரே கோடு ஓரத்து நான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக வளைத்து, நான்கு இடத்தில் தன்னையே கடந்து, நடுப்புள்ளியைச் சூழ்ந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும். ஒரு புள்ளியையும் தொடாது. ஓவியத்தில் வெளி என்பதைப் பெரியவர்களுக்கு விளக்கவே நான் திணறியிருக்கிறேன். இங்கே நான்கு வயதுப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கறுப்பைக் காப்பாற்றுகிறான். பாதியில் விரலை எடுத்துவிட்டால் இடைவெளி விழும். அதை அழிக்கச் சொல்வதில்லை. அவன் கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போகும்.

ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் பள்ளியில் பால் கிளேவும் காண்டின்ஸ்கியும் ஓவியப் பாடத்தைப் புள்ளியிலிருந்தும் கோட்டிலிருந்தும் கட்டி எழுப்பினார்கள். கிளேயின் பாடநூல் 1925இல் வந்தது, காண்டின்ஸ்கியின் நூல் 1926இல். நம் வாசலில் அந்தப் பாடம் விடிகாலைதோறும் நடந்துகொண்டிருந்தது. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் உழைத்தவர்களும் கோலத்துக்குள் இருக்கும் இலக்கணத்தைக் கணினி அறிவியலின் கண்ணால் ஆராய்ந்தார்கள். அதை வாசித்த நாளிலிருந்து, வாசலில் கோலமிட்ட என் பாட்டியின் விரல்கள்மேல் மரியாதை இரட்டித்துவிட்டது.

மாவு பழகிய பின் பிள்ளைகளை லிட்டில் குய்லினுக்குக் கூட்டிப்போவேன். புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கருங்கல் வெட்டிய குழியில் நீர் நிறைந்து குளமாகி, வெட்டுப்பட்ட பாறை அதன் நடுவே நிற்கிறது. கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொல்வேன். செடி, விரிசல் எல்லாம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் துண்டு துண்டாக நிற்கும். ஒளிநிழலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

போன முறை காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. கோடு குண்டான அதே பெண் கையை நீட்டி, பாறையின் உச்சி விளிம்பைக் காற்றிலேயே விரலால் வரைந்துகொண்டு போனாள். வலது ஓரத்தில் இறங்கினாள். நீரைத் தொட்டதும் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தலைகீழாகக் கிடந்த நிழலின் விளிம்பிலேயே தொடர்ந்து, இடது பக்கமாக மேலேறித் தொடங்கிய இடத்துக்கு வந்தாள்.

“சேர்ந்துடுச்சு,” என்றாள்.