சிஸ்டர் பள்ளி எவ்வளவு பத்திரம்?

குரங்கணியிலும் போடி மெட்டின் அடிவாரத்திலும் ஏலக்காய்த் தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். திரும்பி வர மாலையாகிவிடும். அதுவரை பிள்ளை யார் பொறுப்பு என்றால், அவர்களிடம் இருக்கும் ஒரே விடை பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியைக் கன்னியர் நடத்தினால் பாதிக் கவலை விட்டது என்பார்கள். ‘சிஸ்டர் பார்த்துக்குவாங்க.’ இந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று எடைபோட வேண்டியிருக்கிறது.

நிறையை முதலில் சொல்லிவிடலாம். அதைக் குறைத்துச் சொல்பவர் மலைப்பக்கத்தை அறியாதவர். பள்ளியை நடத்துபவர் பெரும்பாலும் பள்ளியை ஒட்டிய மடத்திலேயே குடியிருக்கிறார். மழையில் பாதை அடைபட்டாலும் பள்ளி திறக்கிறது. இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போகிறது. ஜீப் தாமதமானால் பிள்ளை தெருவில் நிற்பதில்லை. எந்தச் சுற்றறிக்கையாலும் உண்டாக்க முடியாத பராமரிப்பு இது. ஆனால் இவ்வளவும் ஒருவருடைய சுபாவத்தில் தங்கியிருக்கிறது. சபை அவரை மாற்றினால், அடுத்து வருபவருக்கு அந்தச் சுபாவம் இருந்தாக வேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதியில்லை. பராமரிப்பு வேறு, பாதுகாப்பு முறைமை வேறு. முன்னதன் கனத்தைப் பின்னதன் தட்டில் வைத்தால் தராசு பொய் சொல்லும்.

அரசின் முறைமையும் குறையற்றதல்ல. பள்ளிப் பாதுகாப்பில் தமிழ்நாடு ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகே படித்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகே கீற்றுக் கொட்டகைகள் அகன்றன. அந்தத் தீயை முன்னிட்டுத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளி என்பது கல்வி உரிமையின் பகுதி என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் எல்.கே.ஜி. குழந்தை விழுந்து இறந்தது. இம்முறையின் சாதனை மெய்யானது: கூரை மாறியது, பேருந்தின் தளம் சோதிக்கப்படுகிறது. குறையும் அதே அளவு மெய்யானது: ஏற்கெனவே உயிர் குடித்த பொருளையே ஆய்வு தேடுகிறது. கூரைக்குச் சான்றிதழ் கேட்ட கண்ணுக்குத் தொட்டியின் மூடி தப்பிவிட்டது. சீட்டு வேறு, பாதுகாப்பு வேறு என்பதைக் குரங்கணிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவிடம் நுழைவுச்சீட்டு இருந்தது, டாப் ஸ்டேஷன் பாதைக்கு. அவர்கள் போனது கொழுக்குமலைக்கு.

கூரையும் மூடியும் கண்ணுக்குத் தெரிபவை. மனிதரால் வரும் ஆபத்து அப்படித் தெரிவதில்லை. கத்தோலிக்கப் பள்ளியைக் கறாராக அளக்க வேண்டிய இடமும் அதுதான்.

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கென 2012 நவம்பர் 14 முதல் நடப்பிலுள்ள போக்சோ சட்டம் இதில் தெளிவானது. குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தனக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு. கல்வி நிறுவனத்திலோ சமய நிறுவனத்திலோ பணிபுரிபவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றத்தைக் கூடுதல் தண்டனைக்குரியதாக வைக்கிறது இச்சட்டம். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி இந்த இரு வகையிலும் அடங்கும். 2020-ன் விதிகள் ஊழியர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கின.

திருச்சபையின் சட்டமும் இளகியதல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் வெளியிட்டு 2023-ல் நிலையானதாக்கிய ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’, குருவும் கன்னியரும் தாம் அறிந்த குற்றத்தை ஆயருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. புகார் கொடுப்பவரை மௌனமாக்கக் கூடாது, நாட்டுச் சட்டக் கடமைகள் அப்படியே நிற்கும் என்றும் சொல்கிறது. தனித்தனியே வாசித்தால் இரண்டு ஆவணங்களும் தரமானவை. சேர்த்து வாசித்தால் ஒத்திசைவு கெடுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியிடக் கூடாது என்பதில் திருச்சபைச் சட்டம் அசையாது. போக்சோவின் 19-ஆம் பிரிவிலோ அதற்கு விலக்கு இல்லை. முதல் பாவசங்கீர்த்தனம் செய்வது தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள்தான் என்பதால் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. அதைவிடப் பெரிய கோளாறு திசையில் இருக்கிறது. திருச்சபைச் சட்டப்படி புகார் சிஸ்டரிடமிருந்து ஆயருக்கும், ஆயரிடமிருந்து உரோமைக்கும் ஏறுகிறது. ஜீப்பில் போன தாயிடம் அது இறங்கி வருவதற்கு வழி வகுக்கப்படவில்லை.

இந்தத் திசை என்ன செய்யும் என்பதற்கு நீலகிரி சாட்சி. உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றியபோது சிறுமியரிடம் அத்துமீறினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் 2005-ல் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். அவரால் சிறாருக்கு ஆபத்து நேராமல் கண்காணிக்க வேண்டும் என்று வத்திக்கான் எழுதியது. 2010-ல் அவர் எங்கே இருந்தார் என்று செய்தியாளர்கள் தேடியபோது, ஆயர் அலுவலகத்தில், திருச்சபைப் பள்ளிகளுக்கான ஆசிரியர் நியமனக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளோடு நேரடித் தொடர்பில்லாத வேலை என்பது மறைமாவட்டத்தின் விளக்கம். அந்த வாதத்தில் ஒரு தர்க்கம் உண்டு, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் யார் நிற்க வேண்டும் என்பது முடிவாகும் மேசையில் அவரை உட்காரவைத்ததை அந்தத் தர்க்கம் எட்டவேயில்லை. 2012-ல் கைதாகி, பின்னர் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015-ல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். 2016-ல், வத்திக்கானைக் கலந்த பிறகு, அவர் மீதிருந்த குருத்துவப் பணித்தடையை ஆயர் நீக்கினார். இந்தச் செயலில் விதிமீறலைத் தேடினால் கிடைக்காது. ஆயரிடம் போனது, உரோமைக்குப் போனது, விடை வந்தது: நடைமுறை தன் அளவில் முழுமையாக நிறைவேறியது. தோற்றது நடைமுறையின் வடிவமே. பள்ளிப் பெற்றோரைக் கேட்க வேண்டிய கட்டம் அதில் ஓரிடத்திலும் இல்லை.

அந்தக் கட்டத்தை நாட்டுச் சட்டமாவது வைத்திருக்கலாம். வைத்தது, பிறகு நீக்கியது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பங்கு பெண்களும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்டது. 2014 மே 6-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு, உதவி பெறுபவை உட்பட, அந்தச் சட்டமே பொருந்தாது என்றது. குழுவோடு சேர்ந்து, உடல் தண்டனையைத் தடுக்கும் 17-ஆம் பிரிவும் போனது. பிரம்புக்கு அதனால் உரிமை கிடைத்துவிடவில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-லேயே திருத்தப்பட்டு அடிக்கத் தடை இருக்கிறது. சிறுபான்மையினர் தம் பள்ளியைத் தாமே நடத்தும் உரிமை காக்கப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உரிமைக்கும் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைப் பெற்றோர் வந்து பார்ப்பதற்கும் என்ன பகை என்று தீர்ப்பு ஆராயவில்லை. 2021-ல் தமிழக அரசு மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுக்களை அமைக்கச் சொன்னது இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்புகிறது. ஆனால் தலைமையாசிரியரே உட்காரும் குழுவிடம் தலைமையாசிரியரைப் பற்றிப் புகார் சொல்ல எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

ஆகவே என் அளவுகோல் ஒன்றே: நிறுவனத்தை நேசிப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளையின் புகார் பள்ளியைவிட்டு வெளியேற முடியுமா? இதில் ஆர்.சி. தொடக்கப் பள்ளி தேறவில்லை. அன்றாடக் கவனிப்பில் அது அரசுப் பள்ளியை விஞ்சுகிறது. பெற்றோருக்குப் பதில் சொல்லும் அமைப்பில் அரசுப் பள்ளிக்குப் பின்னால் நிற்கிறது. முதல் சிறப்பைக் காட்டி இரண்டாவது குறையை மறைப்பதுதான் அதன் வழக்கறிஞர்கள் செய்யும் பிழை. இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறுப்பது அதன் எதிரிகளின் பிழை. அவர்களில் பலருக்குக் குழந்தையைவிடச் சபை மீதுதான் கண்.

திருத்தம் பெரிய செலவு கேட்பதல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளையின் கண்மட்டத்தில் சுவரில் இருக்கலாம். சட்டம் உள்ளூர்க் காவல் நிலையத்தையே போதும் என்கிறது; அந்த நிலையம் குரங்கணியிலேயே இருக்கிறது. ஜீப் கிளம்பும் நேரத்துக்கு முன்போ ஞாயிற்றுக்கிழமையோ பெற்றோர் கூட்டம் வைக்கலாம். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு ‘பெற்றோர் வருவதில்லை’ என்று குறிப்பெழுதுவது நேர்மையல்ல. பிரமதி தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபரிசீலிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு பரிந்துரைத்திருக்கிறது. அதற்காக எந்தத் தாளாளரும் காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் குழுவை அமைக்கக் கூடாது என்று பிரமதி தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.