குருவும் சொந்தக் குரலும்

எழுத வருகிற இளைஞர்களிடம் இரண்டு நம்பிக்கைகளை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஒன்று, எந்தத் தொழிலானாலும் ஒரு பெரியவரின் காலடியில் உட்கார்ந்து, அவர் செய்கிற மாதிரியே செய்யப் பழகிவிட்டால் முன்னுக்கு வந்துவிடலாம் என்பது. மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ளாமல் இருந்தால்தான் தன் சொந்தக் குரல் கெடாமல் இருக்கும் என்பது. முதல் கட்சிக்காரர்கள் பத்து வருஷம் கழித்தும் குருவின் எதிரொலியாகவே இருக்கிறார்கள். இரண்டாவது கட்சிக்காரர்களோ, தாங்கள் அறியாமலே போன வாரம் படித்த பத்திரிகையின் எதிரொலியாகி விடுகிறார்கள். இருவரும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்.

இந்தப் பிரச்னையை நேராக விவாதிக்கிற நூல் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைக் கண்முன் நடத்திக் காட்டுகிற நூல் ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’தான் அது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் ஆசிரியர் காலமானதால் முற்றுப் பெறாமல் நின்றுவிட்டது. பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அலைந்த கதை என்றே பெரும்பாலானவர்கள் அதைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதன் உயிர் நிலை முதல் பாதியிலேயே இருப்பதாகப் படுகிறது. ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்த பையன், அவரைப் போல ஆகாமலே அவருக்கு உண்மையாக இருந்தது எப்படி என்பதுதான் அந்தப் பாதியின் கதை.

1871இல், பதினேழாவது வயதில், அவர் மாயூரத்துக்குப் போய் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876 பிப்ரவரி முதல் தேதி பிள்ளை காலமாகும்வரை அவருடைய மாணாக்கராக இருந்தார். ஐந்து வருஷங்களுக்குக் குறைவான காலம்தான். அந்த ஐந்து வருஷங்களில் குரு எவ்வளவு தூரம் சீடனுக்குள் புகுந்தார் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். பையனுக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் செல்லமாக வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதுண்டா என்று பிள்ளை விசாரித்தார். சாமிநாதன் என்று பதில் வந்தது. அந்தப் பெயராலேயே அழைக்கலாம் என்று தீர்மானித்தார். இன்று நாம் சொல்லுகிற பெயர் குரு தேர்ந்தெடுத்த பெயர். ஆனால் அந்தப் பெயர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்தது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் ஏற்கனவே புழங்கிக்கொண்டிருந்த பெயர் அது. நல்ல குருவின் வேலை முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

குரு கொடுத்தது போலவே எடுத்துக்கொண்டதும் உண்டு. சாமிநாதையரின் குடும்பத்துக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு அதிகம். ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்திலேயே இருந்தார். அவரிடம் பையன் சங்கீதம் கற்றுக்கொள்ளத் தொடங்கினான். பிள்ளைக்கு இது தெரியவந்தபோது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் கருத்து நிற்காது என்பது அவர் எண்ணம். சங்கீதப் பாடம் நின்றுவிட்டது. இதை எழுதுகிறபோது கிழவரான சாமிநாதையர் குருவைக் குறை சொல்லவில்லை. அவரை நியாயப்படுத்தி நீட்டிக்கொண்டு போகவும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறார். ஆனால் அவருடைய மற்ற நூல்களின் பெயர்களைப் பார்த்தால் விஷயம் புரியும். கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் என்று சங்கீத வித்வான்களின் வரலாறுகளைத் தனித் தனியே எழுதியிருக்கிறார். குரு மூடிய கதவு பல வருஷங்களுக்குப் பிறகு வசனத்தின் வழியாகத் திறந்துகொண்டது. ஒருவனுக்கு உள்ளபடியே சொந்தமானதை எந்தக் கண்டிப்பும் அழித்துவிடுவதில்லை, காத்திருக்கத்தான் செய்கிறது.

பிள்ளை எப்படிப்பட்டவர்? இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று எண்ணற்ற பிரபந்தங்களும் பாடியவர். அவர் வாயால் சொல்லச் சொல்ல மாணாக்கர்கள் ஏட்டில் எழுதுவார்கள். வறுமையும் கடனும் அவரை விட்டுப் போனதில்லை. அப்படியிருந்தும் மாணாக்கன் சாப்பிட்டானா, எங்கே சாப்பிட்டான் என்று விசாரிக்காமல் இருந்ததில்லை. சைவ மடத்து வித்வானாக இருந்துகொண்டே, சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரை மகனைப்போல வைத்துக்கொண்டவர். இவ்வளவு பெரிய மனிதரின் செய்யுட்களை இன்று எத்தனை பேர் படிக்கிறோம்? புலவர்களைத் தவிர அநேகமாக யாரும் படிப்பதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாமிநாதையர் இவரைப்போலவே ஆகியிருந்தால், இன்னும் சில தலபுராணங்கள் கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

திருப்பம் 1880இல் வந்தது. பிள்ளையின் மற்றொரு மாணாக்கரான தியாகராச செட்டியார், கும்பகோணம் காலேஜில் தாம் வகித்த தமிழாசிரியர் ஸ்தானத்தை விட்டு விலகும்போது சாமிநாதையரை அங்கே அமர்த்திவிட்டுப் போனார். குருத்துவத்தில் இதுவும் ஒரு வகைதான். தக்க சமயத்தில் நாற்காலியைக் காலி செய்கிற குருத்துவம். இதைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. பல பெரியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார்கள், எழுந்திருக்க மட்டும் மாட்டார்கள்.

அதே வருஷம் அதே ஊருக்கு முன்சீபாக வந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். சாமிநாதையர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அவை பிள்ளையின் பாடத்தில் இல்லாதவை. வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். முதலியார் கேள்வி கேட்டது சாமிநாதையரை மட்டும் அல்ல. காலஞ்சென்ற குருவின் படிப்பு முழுவதையும் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

அந்த நிலையில் இரண்டு காரியங்கள் சுலபமானவை. குருவுக்காகக் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். அல்லது, நம் குருவுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிப் புதியவரின் கட்சியில் சேர்ந்துவிடலாம். சாமிநாதையர் இரண்டையும் செய்யவில்லை. சிந்தாமணிப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்து ஜைனர்களிடம் போய்ப் பாடம் கேட்டார். சைவ மடத்தின் நிழலில் வளர்ந்தவர், வேறு மதத்தாரின் வீட்டில், முதலிலிருந்து மாணாக்கனாகிறார். பிறகு 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சில் வந்தன.

இந்தக் காரியத்துக்கு அவரிடம் இருந்த கருவிகள் எவை என்று பார்த்தால், எல்லாம் பிள்ளை கொடுத்தவை. பழைய ஏட்டில் செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஓட்டமாக இருக்கும். அதைப் பிரித்தெடுக்க எதுகையும் மோனையும் காதில் ஊறியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான செய்யுட்களைக் குருவின் வாயிலிருந்து கேட்டு எழுதிய காது அது. குரு புதிதாகச் செய்யுள் இயற்றுவதற்குப் பயன்படுத்திய அதே பயிற்சியைச் சீடர், மறைந்துபோன செய்யுளை மீட்பதற்குப் பயன்படுத்தினார். தொழில் குருவிடமிருந்து வந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற தீர்மானம் சொந்தமாக வந்தது. சுயத்தன்மை என்று நாம் பெரிதாகப் பேசுவது அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

இது தமிழுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. பிரான்சில் மாப்பஸான் கடற்படை இலாகாவில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே ஃபிளாபேரிடம் எழுத்துப் பழகினான். வருஷக் கணக்காக எழுதி எழுதிக் கொண்டுபோய்க் காட்டினான். அவசரப்பட்டு அச்சேற்றாதே என்பதுதான் குருவின் உபதேசம். 1880இல் அவனுடைய ‘கொழுப்புருண்டை’ என்ற கதை வெளிவந்தது. அதைப் படித்துச் சந்தோஷப்பட்ட குரு அதே வருஷம் மே மாதம் இறந்துபோனார். ஒரு நாவலுக்கு ஐந்து வருஷம் உழைத்தவர் குரு. சீடனோ அடுத்த பத்து வருஷங்களில் ஏறக்குறைய முந்நூறு கதைகளும் ஆறு நாவல்களும் எழுதினான். பார்க்கிற கண் குருவினுடையது, வேகம் சீடனுடையது.

‘என் சரித்திர’த்தில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் கவிதை எவ்வளவு தூரம் கவிதை என்ற கேள்வியைச் சாமிநாதையர் எழுப்புவதே இல்லை. சங்க நூல்களில் ஊறித் திளைத்த ஒருவருக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. பக்தி அவர் வாயைக் கட்டிவிட்டது. விமரிசகன் என்ற முறையில் இது எனக்கு ஏமாற்றமே. ஆனால் நாவலாசிரியன் என்ற முறையில் பார்க்கும்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. கவியைப் புகழ்ந்த இடங்கள் மறந்துபோகின்றன. கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிற மனிதர் மறக்கவில்லை. பிள்ளையின் கடைசி நேரத்தில் சீடர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை வாசிக்கிற பகுதிக்கு இணையாகத் தமிழ் வசனத்தில் அதிகம் இல்லை. பிள்ளை எழுதாத வசனத்தில்தான் பிள்ளை இன்றும் உயிரோடு இருக்கிறார்.

கட்டுரைகளைத் திருத்தித் தம் நடைக்கே மாற்றிவிடுகிற பத்திரிகாசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் பழகியவர்கள் பிழையில்லாமல் எழுதினார்கள். அவர் போன பிறகு எழுதவில்லை. ஆபீசுகளிலும், வக்கீல் வீடுகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் இதேதான் நடக்கிறது. தன்னிடம் பழகுகிறவன் தனக்குத் தெரியாத ஒன்றைச் செய்யும்போது சந்தோஷப்படத் தெரிந்தவர் எத்தனை பேர்? பிள்ளை இருந்து சிந்தாமணிப் பதிப்பைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. சீடர் அதை அவருடைய சம்மதத்துக்காகக் காத்திராமல் செய்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவருடைய மாணாக்கர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார். ‘என் சரித்திர’த்தை ஏடு தேடிய கதைக்காக மட்டும் படித்தவர்கள், மாயூரத்து அத்தியாயங்களிலிருந்து மறுபடி ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.