சட்டப்படி சரியான அடி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பெருஞ்சாலையில், சூளகிரிக்குச் சற்று இப்பால் ஒரு கிராமத்தில், திருவிழாவை ஒட்டி இரவுக் கபடிப் போட்டி நடந்தது. உள்ளூர் நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனார். எத்தனையோ பந்தயங்களுக்கு நடுவராக நின்றவர் அவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு பார்வையாளராகி விட்டவர். அன்றைக்கு நடந்தது அரையிறுதி ஆட்டம். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பையன்கள். மறு பக்கம் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த கோஷ்டி.

ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள். எல்லை தாண்டி வந்த பையன் ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். மெலிந்த உடம்பு, ஆனால் கால் மட்டும் மின்னல். அவன் கண் முழுக்க இடது மூலையில் நிற்பவன் மேல் இருந்தது. போனஸ் கோட்டை நோக்கிக் கால் நீட்டிய அதே நொடியில், வலது கவரில் நின்ற நம் பையன் பக்கவாட்டில் பாய்ந்து வந்து தோளால் அவன் விலாவில் மோதினான். கபடிக்காரர்கள் 'டேஷ்' என்று சொல்கிற மோதல் அது. பாடி வந்தவன் லாபியைத் தாண்டி, விரிப்பையும் தாண்டி, செம்மண்ணில் போய் விழுந்தான். நடுவர் ஊதினார். புள்ளி நம் பக்கம். மைதானமே எழுந்து நின்று கூச்சல் போட்டது. நானும் கை தட்டினேன்.

விழுந்த பையன் எழுந்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காரை எலும்பு முறிந்திருந்தது.

அதற்கப்புறம் நடந்த விவாதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்தப் பிரதேசத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும். ஆனால் அன்றைக்கு மொழிபெயர்ப்புக்கே அவசியம் ஏற்படவில்லை. 'சரி' என்ற சொல்லும் 'தப்பு' என்ற சொல்லும் மூன்று மொழியிலும் ஒன்றுதானே! உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் "சரி" என்றார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் "தப்பு" என்றார்கள். விழுந்தவன் நம் பையனாக இருந்திருந்தால் இரண்டு சொல்லும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நண்பரைக் கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, "விதிப்படி சரிதான்" என்றார். ஆனால் அதைச் சொன்ன குரலில் நிம்மதி இல்லை.

நான் கதை எழுதுகிறவன். எதையும் வாக்கியமாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஆகவே மறுநாள் அவர் வீட்டிலிருந்த கபடி விதிப் புத்தகத்தை வாங்கி, ஒரு நாவலைப் படிப்பதுபோல் படித்தேன். அளவுகளைச் சொல்லுகிற இடங்களில் அதைப்போல் தெளிவான உரைநடை வேறு இல்லை. ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், இரு புறமும் ஒரு மீட்டர் லாபி, நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. ஒரு பாட்டுக்கு 30 விநாடி. இதிலெல்லாம் ஒருவரும் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் மனித உடம்பைப் பற்றிப் பேச வந்ததும் அதே உரைநடை தடுமாறுகிறது.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். எதிராளியை வேண்டுமென்றே உடம்பின் எந்தப் பாகத்தாலும் எல்லைக்கு வெளியே தள்ளக் கூடாது என்பது கபடியின் பழைய விதி. அப்படியானால் தோளால் மோதி வெளியே அனுப்புகிற டேஷ் என்ன? அது இன்று பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுக்கிற வித்தை. 2014-இல் தொடங்கிய புரோ கபடியில் அதற்குப் பாராட்டும் உண்டு, புள்ளியும் உண்டு. நண்பரிடம் இந்த முரண்பாட்டைச் சொன்னேன். "தள்ளினால்தான் தப்பு, பிடிக்கப் போன வேகத்தில் வெளியே போனால் தப்பில்லை" என்றார். வேகத்துக்கும் வேண்டுமென்று செய்வதற்கும் நடுவே கோடு போடுவதற்கு நடுவரின் கண்ணுக்குக் கிடைப்பது அரை விநாடி.

இரண்டாவது இடம் இன்னும் விசித்திரம். பாடி வருகிறவனின் வாயைப் பொத்துவது, கழுத்தை நெரிப்பது, கால்களால் கத்தரிப்பிடி போடுவது ஆகியவற்றோடு, காயம் விளைவிக்கும் வன்மையான பிடியும் நியாயமற்றது. அப்படிப் பிடிபட்டவன் அவுட் ஆகமாட்டான் என்கிறது விதி. வாய் பொத்துவதும் கழுத்தை நெரிப்பதும் செயல்கள். பார்த்த மாத்திரத்தில் நடுவர் கண்டிக்கலாம். ஆனால் 'காயம் விளைவிக்கும்' என்பது விளைவு. அதாவது ஒருவன் முரட்டுத்தனமாக மோதினானா இல்லையா என்பதை, மோதப்பட்டவனின் எலும்பு சொல்ல வேண்டும். எலும்பு உறுதியானவனாக இருந்தால் அதே மோதல் அழகான ஆட்டம். பலவீனமானவனாக இருந்தால் குற்றம். எந்தக் கதாசிரியனாவது தன் பாத்திரத்தின் யோக்கியதையை இப்படித் தீர்மானித்தால் வாசகர்கள் சும்மா விடுவார்களா?

இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் அன்றைய நடுவர் புள்ளியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சிலர் வாதிக்கலாம். ஆனால் அவர் ஊதியபோது எலும்பு முறிந்தது யாருக்கும் தெரியாது. அவர் கண்டதெல்லாம் தலையைத் தொடாமல் உடம்பில் விழுந்த ஒரு தோள். பச்சை அட்டை காட்டி எச்சரிக்கவோ, மஞ்சள் அட்டை காட்டி இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைக்கவோ அவருக்குக் காரணம் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கியில் இதே தகராறு வெகு காலமாக உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் அது பெரிய ஆட்டம். வட்டு யாரிடம் இருக்கிறதோ அவன்மேல் தோளால் மோதுவது அங்கே சட்டபூர்வமான உரிமை. 2000-ஆம் ஆண்டு இறுதிச் சுற்றுக்கு முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஸ்காட் ஸ்டீவன்ஸ் என்பவர், குனிந்தபடி வட்டைக் கொண்டுவந்த எரிக் லிண்ட்ராஸ் மேல் மோதினார். 2003-இல் கோப்பைக்கான இறுதித் தொடரிலேயே பால் கரியா மேல் மோதினார். இரண்டு பேரும் நினைவிழந்து விழுந்தார்கள். இரண்டு முறையும் நடுவர்கள் தண்டனை கொடுக்கவில்லை. கரியா அன்றே திரும்பி வந்து கோல் போட்டார். கூட்டம் அதை வீரம் என்று கொண்டாடியது. அந்த மோதல்கள் சரியா, தப்பா என்று அந்த நாடுகளில் இன்றைக்கும் பேசித் தீரவில்லை.

2010 மார்ச் 7-ஆம் தேதி நடந்ததுதான் முக்கியம். மார்க் சவார்ட் என்ற ஆட்டக்காரர் வட்டை அடித்து முடித்த மறுகணம், அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வந்த மாட் குக்கின் தோள் அவர் தலையில் மோதியது. குக்குக்குத் தண்டனை கிடையாது. காரணம், அன்றைய விதியில் அது குற்றமல்ல. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள், பக்கவாட்டிலிருந்தோ பார்வை படாத இடத்திலிருந்தோ தலையைக் குறிவைத்து மோதக் கூடாது என்று புதிய விதி எழுதி, நடுப் பருவத்திலேயே அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. அடித்தவனைப் பின்தேதியிட்டுக் குற்றவாளி ஆக்கவில்லை. 'சட்டப்படி சரி' என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவவும் இல்லை. சட்டப்படி சரியாக இருந்தது. ஆகவேதான் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. இந்த 'ஆகவே'யைச் சொல்லத்தான் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நமக்கு விதியைப் பற்றி விவாதிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹாங்சூ ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. ஏறக்குறைய ஒரு நிமிஷம் பாக்கி. பவன் செராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். ஈரான் ஆட்டக்காரர்கள் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் போனார்கள். பழைய விதிப்படி யார் யார் அவுட், புதிய விதிப்படி யார் அவுட் என்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. நடுவர்கள் ஒரு முடிவு சொல்லி, அதை மாற்றி, மறுபடி மாற்றினார்கள். இரண்டு கோஷ்டியும் தரையில் உட்கார்ந்தன. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. கோட்டைத் தாண்டிய ஒரு காலுக்காக உலகத்தின் முன்னிலையில் ஒரு மணி நேரம் வாதாடினோம். சூளகிரிப் பக்கத்தில் முறிந்த எலும்புக்காக ஆட்டம் நின்றது அவனைத் தூக்கி ஓரமாய்க் கிடத்துகிற நேரம் மட்டும்தான்.

கதை எழுதுகிறவர்களாகிய நாமும் இதில் குற்றவாளிகள். கபடியை வைத்து வந்த தமிழ்ப் படங்களில் சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிக் குழு'வை (2009) மறக்க முடியாது. அதில் நாயகன் இறுதி ஆட்டத்தின் முடிவில் உயிர் விடுகிறான். எல்லோரும் அழுதோம். விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதா? பொதுவாகக் கதைகளில் நாம் செய்வது இது: மோதியவனை வில்லனாக்கி விடுகிறோம், அல்லது மோதலை விதியின் கொடுமையாக்கி விடுகிறோம். இரண்டும் சௌகரியமான பொய்கள். கெட்ட எண்ணம் இல்லாத ஒருவன், கற்றுக்கொடுத்தபடி, விதிக்கு உட்பட்டு மோதி, இன்னொருவனை வீழ்த்துகிறான் என்ற கதையை எழுத நமக்குத் தைரியம் இல்லை. அதில் கோபத்தைக் கொட்டுவதற்கு ஆள் கிடையாதே!

அந்தக் கதை நிஜத்தில் நடக்கிறது. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் போட்டியில், பாடிச் சென்ற இளைஞர் ஒருவர் பிடியிலிருந்து தப்ப முயன்று விழுந்து, களத்திலேயே இறந்து போனார். அவரைப் பிடிக்க வந்தவர் கொலைகாரர் அல்ல. ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

நம் பையனின் எலும்புக்குத் திரும்புகிறேன். அவன் எல்லைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலைக்குப் போனால் கூலி, போகாவிட்டால் இல்லை. மைதானத்தில் பட்ட காயம் தொழிலில் பட்ட காயமாகாது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் வைத்தியம் கிடைக்கும். சந்தாக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டப்பட்டிருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதுசாய்ச் சேருகிற பையன்களுக்கு அந்த 78 நாள் எங்கே நிரம்பப் போகிறது? அன்றைக்கு வந்த வெற்றிக் கோஷ்டிக்குக் கோப்பையும் பரிசுப் பணமும் இருந்தன. மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லை. விரிப்பின் ஓரத்துக்கும் கெட்டித் தரைக்கும் நடுவே ஒரு வைக்கோல் பரப்புகூட இல்லை. இவையெல்லாம் விதிப்படி சரியா, தப்பா என்று தேநீர்க்கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். டேஷை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடம்போடு உடம்பு உரசாத கபடி, நீர் இல்லாத நீச்சல். ஆனால் விதி விளைவைப் பார்ப்பதை விட்டுச் செயலைப் பார்க்கட்டும். மோதப்படுகிறவன் பார்க்க முடியாத பக்கத்திலிருந்து ஓடி வந்து மோதுவது, இன்னொருவன் பிடியில் இருப்பவன் மேல் மறுபடி மோதுவது, தலையிலும் கழுத்திலும் மோதுவது ஆகிய மூன்றையும், காயம் பட்டாலும் படாவிட்டாலும், தப்பு என்று எழுதட்டும். அப்போது நடுவர் எலும்பின் சாட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்று நான் கை தட்டிய மோதல் இந்த மூன்றில் முதல் வகை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்றிரவு அந்தப் பையனைக் காரில் ஏற்றும்போது மோதிய பையன் கூடவே வந்து நின்றான். இறுதி ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் நண்பரைப் பார்த்து, "அண்ணா, நான் பண்ணது தப்பாண்ணா?" என்று கேட்டான்.

"தப்பில்லேப்பா. போய் ஆடு" என்றார் அவர். வேறென்ன சொல்வார்? அவருடைய புத்தகத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்தாம்.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்றாவதாக ஒரு சொல் இருந்தது. 'ஆகாது' என்பார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், இனிமேல் செய்யாதே என்று மட்டும் சொல்லுகிற சொல். விதிப் புத்தகத்தில் ஏற வேண்டியது அதுதான். அது ஏறுகிற வரையில், கை தட்டிய நாமும் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.